எழுத்துப் போடும் நேரத்தில் எழும் குரல்

தொலைக்காட்சியில் ஒரு நிகழ்ச்சி முடிகிறது. இறுதி இசை எழுகிறது. கதை எழுதியவர், இசையமைத்தவர், ஒளிப்பதிவாளர், ஒப்பனைக்காரர் என்று பெயர்கள் திரையில் மேலேறத் தொடங்குகின்றன. அந்த நேரம் பார்த்து ஒரு குரல் குறுக்கிடுகிறது: 'அடுத்து நீங்கள் காணவிருப்பது...' இசை அமுங்குகிறது. பெயர்கள் ஒரு மூலைக்குச் சுருங்குகின்றன. சில நொடிகளில் எல்லாம் முடிந்துவிடுகிறது.

இசை என்ன, பெயர்கள் யாருடையவை, அறிவிப்பாளர் சொன்னது என்ன என்று அப்போது வீட்டிலிருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். மூன்றில் ஒன்றுக்குக்கூடப் பலரால் முழுமையாக விடை சொல்ல முடியாது. ஒரே நேரத்தில் மூன்றையும் கொடுத்தால் பார்வையாளர் மூன்றையும் பெறுவார் என்று நிலையத்தார் எண்ணுகிறார்கள். நமது காதும் மூளையும் அப்படி அமையவில்லை. அது ஏன் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

பெயர் சொன்ன குரல்

தென் மாவட்டங்களில் படத்தின் பெயர்ப்பட்டியலைக் காட்டுவதை 'எழுத்துப் போடுதல்' என்பார்கள். பழைய தமிழ்ப் படங்களில் எழுத்து முதலிலேயே வந்துவிடும். முடிவில் 'சுபம்' அல்லது 'வணக்கம்' மட்டும் வரும். டூரிங் கொட்டகைக்கு நடந்து போகிறவர்கள், எழுத்துப் போடுவதற்கு முன்னால் போய்ச் சேர வேண்டும் என்று நடையை எட்டிப் போடுவார்கள். எழுத்தும் படத்தின் ஒரு பகுதி என்பதில் அவர்களுக்கு ஐயம் இருந்ததில்லை.

வானொலியில் எழுத்துப் போட முடியாது. அங்கே அந்த வேலையை அறிவிப்பாளரின் குரலே செய்தது. கோவில்பட்டிச் சீமைக்கு இதில் ஒரு தனி அனுபவம் உண்டு. கோவில்பட்டியிலிருந்து நேர்கோட்டில் அளந்தால் சென்னை ஏறத்தாழ 500 கிலோமீட்டர். கொழும்போ ஏறத்தாழ 330 கிலோமீட்டர்தான். இடையில் மன்னார் வளைகுடா இருக்கிறது. உப்பு நீர் மின்சாரத்தை நன்கு கடத்துவதால், மத்திய அலை ஒலிபரப்பு கடற்பரப்பின் மீது அதிக இழப்பின்றித் தவழ்ந்து வரும். அதனால்தான் பருத்தி எடுக்கும் காட்டிலும் தீப்பெட்டிக்குக் குச்சி அடுக்கும் திண்ணையிலும் இலங்கை வானொலி அவ்வளவு தெளிவாகக் கேட்டது. எஸ். பி. மயில்வாகனன், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் ஆகியோரின் குரல்களை இங்குள்ள ஒரு தலைமுறை நேரில் பாராமலே அறிந்திருந்தது. 1963இல் திருநெல்வேலியில் அகில இந்திய வானொலி நிலையம் தொடங்கியதும் அந்தக் குரல்களும் வீட்டுக்குரியவை ஆயின.

அக்குரல்கள் செய்ததைக் கவனியுங்கள். பாடல் எந்தப் படம், பாடியவர் யார், எழுதியவர் யார், இசை யார் என்று சொல்லிவிட்டே பாடலை ஒலிக்கவிட்டார்கள். நாடகம் முடிந்ததும் எழுதியவர், நடித்தவர், தயாரித்தவர் பெயர்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் படித்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர்கூட ஒரு பாடலைக் கேட்டதும் கவிஞர் பெயரைச் சொல்ல முடிந்தது இதனால்தான்.

1975 ஆகஸ்டு 15இல் சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியது. அதன் அலை நெடுந்தூரம் வளைந்து செல்லாதது. ஆகவே கரிசல் சீமை காத்திருக்க வேண்டியதாயிற்று. 1982இல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியபோது, தென்கடலோர ஊர்களில் உயரமான கம்பங்களில் ஆன்டெனா கட்டிப் புள்ளி மழைக்கு நடுவே படம் பார்த்தவர்கள் உண்டு. கொடைக்கானல் மலையிலிருந்து ஒளிபரப்பு வந்த பிறகே இப்பகுதிக்குத் தெளிவான படம் கிடைத்தது. அன்றைய தூர்தர்ஷனில் ஒரு நிகழ்ச்சி முடிந்து, எழுத்து முழுவதும் ஓடிய பின்னரே அறிவிப்பாளர் திரையில் தோன்றி அடுத்ததைச் சொல்வார். ஒன்றன் மேல் ஒன்று ஏறவில்லை.

பெயரைச் சொல்லிக் கொடுத்த அதே தொழில், பின்னாளில் பெயரின் மேல் பேசும் தொழிலாக மாறியது. இந்த மாற்றத்தால் நேரும் இழப்பை அளக்கக் காதுக்குள் போக வேண்டும்.

காதுக்குள் நடக்கும் போட்டி

உள்காதில் நத்தைக் கூடு போலச் சுருண்ட ஒரு குழல் உள்ளது. அதன் நெடுகிலும் ஒரு மெல்லிய சவ்வு ஓடுகிறது. சவ்வின் தொடக்கப் பகுதி குறுகலாகவும் விறைப்பாகவும் இருக்கும். அது உயர்ந்த அதிர்வெண்ணுக்கு அதிரும். உட்கோடிப் பகுதி அகன்று தளர்ந்திருக்கும். அது தாழ்ந்த அதிர்வெண்ணுக்கு அதிரும். ஒலி அலை இச்சவ்வில் எவ்வாறு பயணம் செய்கிறது என்பதை ஆராய்ந்து விளக்கிய கியார்க் ஃபான் பெக்கெசி என்ற அறிஞருக்கு 1961இல் நோபல் பரிசு கிடைத்தது.

அறிவிப்பாளரின் குரலும் நிகழ்ச்சியின் இசையும் ஒரே அதிர்வெண்களைக் கொண்டிருந்தால், இரண்டும் சவ்வின் ஒரே இடத்தை அசைக்கின்றன. வலிய ஒலி அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ள, மெலிந்த ஒலி நரம்புக்கே போய்ச் சேராது. இதற்கு 'ஒலி மறைப்பு' என்று பெயர். ஆலைச் சங்கு ஊதும்போது பக்கத்தில் நிற்பவர் வாயசைப்பது தெரிந்தும் பேச்சுக் கேட்காமல் போவது இதனால்தான்.

இதில் இன்னொரு வியப்பும் உண்டு. தாழ்ந்த ஒலி உயர்ந்த ஒலியை எளிதில் மறைக்கும். உயர்ந்த ஒலி தாழ்ந்த ஒலியை அவ்வளவாக மறைக்காது. 1924இல் வெகல், லேன் என்ற இருவர் இதை அளந்து காட்டினர். காரணம் எளிது. தாழ்ந்த ஒலியின் அலை, உட்கோடியிலுள்ள தன் இடத்தை அடையும் முன், வாசலில் உள்ள உயர்ந்த ஒலிக்குரிய இடங்களைக் கடந்தே செல்ல வேண்டும். போகிற போக்கில் அவற்றையும் அது கலக்கிவிடுகிறது.

இது பேச்சை எப்படிப் பாதிக்கிறது? 'தட்டு', 'தத்து', 'தப்பு' என்ற மூன்று சொற்களைச் சொல்லிப் பாருங்கள். உயிரொலிகள் மூன்றிலும் ஒன்றே. நடுவிலுள்ள மெய்யெழுத்து மட்டும் வேறு. உயிரொலிகளில் ஆற்றல் மிகுதி. அவை பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களில் உள்ளன. சொல்லைச் சொல்லிலிருந்து பிரித்துக் காட்டும் மெய்யொலிகளோ மெலிந்தவை. அவற்றின் அடையாளங்கள் பெரும்பாலும் 1000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளன. பின்னணியில் தவிலும் கிட்டாரின் தடித்த தந்தியும் ஒலிக்கும்போது முதலில் அடிபடுவது இந்த மெய்யொலிகளே. குரல் கேட்கும், சொல் விளங்காது.

இரண்டு காதுகள், ஒரு ஒலிபெருக்கி

'திருவிழாக் கூட்டத்தில் எவ்வளவு இரைச்சல் இருந்தாலும் பக்கத்திலிருப்பவர் பேசுவது புரிகிறதே?' என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. செண்பகவல்லி அம்மன் கோயில் திருவிழாவில் மேளம் ஒரு பக்கம், ராட்டினக்காரரின் ஒலிபெருக்கி மறுபக்கம், வளையல்காரரின் கூவல் இன்னொரு பக்கம் என்று ஒலித்தாலும் நாம் பேரம் பேசிவிட்டுத்தான் வருகிறோம்.

அங்கே நமக்கு உதவுவது திசை. வலப்புறமிருந்து வரும் ஒலி வலக்காதை முதலில் அடைகிறது. இடக்காதை அதிகம் போனால் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான தாமதத்துடன் அடைகிறது. தலை குறுக்கே நிற்பதால் அங்கே சற்று மெலிந்தும் கேட்கிறது. இந்த நுண்ணிய வேறுபாடுகளைக் கொண்டு மூளை ஒலிகளைத் திசைவாரியாகப் பிரித்து, வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்கிறது.

தொலைக்காட்சியில் நடப்பது வேறு. நிலையத்திலேயே குரலும் இசையும் ஒன்றாகக் கலக்கப்பட்டு, ஒரே பெட்டியின் ஒரே முகப்பிலிருந்து வெளிவருகின்றன. திசை என்ற கைகாட்டி அழிந்துவிடுகிறது. 1953இல் வெளியிட்ட ஆய்வில் காலின் செர்ரி என்பவர் இதைச் சோதித்தார். ஒரே ஆள் பேசிய இரண்டு செய்திகளை ஒன்றாகக் கலந்து கேட்கச் செய்தபோது, கேட்டவர்கள் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டே ஒன்றைப் பிரிக்க முடிந்தது. அதே இரு செய்திகளை ஒரு காதுக்கு ஒன்றாகத் தனித்தனியே கொடுத்ததும் ஒன்றைப் பின்பற்றுவது எளிதாயிற்று. ஆனால் கவனிக்காத காதில் வந்த செய்தி என்னவென்று அவர்களால் சொல்ல முடியவில்லை. அந்தப் பேச்சு இடையில் வேறு மொழிக்கு மாறியதைக்கூட அறியவில்லை.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். இரண்டு நண்பர்களைத் தோளோடு தோள் உட்கார வைத்து, இரண்டு வேறு செய்தித்தாள் பத்திகளை ஒரே நேரத்தில் ஒரே உரப்பில் படிக்கச் சொல்லுங்கள். ஒருவர் படிப்பதை மட்டும் எழுத முயலுங்கள். பிறகு ஒருவரை அறையின் வலது மூலைக்கும் மற்றவரை இடது மூலைக்கும் அனுப்பி மீண்டும் செய்யுங்கள். ஓர் ஆணும் ஒரு பெண்ணும் படித்தால் இன்னும் எளிதாவதையும் காண்பீர்கள். ஆண்குரலின் அடிப்படை அதிர்வெண் சுமார் 100 முதல் 130 ஹெர்ட்ஸ். பெண்குரலுடையது சுமார் 200 ஹெர்ட்ஸ். சுருதி வேறுபட்டால் பிரிப்பது எளிது.

கண் படிப்பதைக் காது தடுப்பது ஏன்?

'காதுக்குத்தானே போட்டி? பெயர்களைக் கண்ணால் படித்துவிடலாமே' என்று தோன்றும். அங்கும் ஒரு தடை உண்டு. நாம் வாய்விட்டுப் படிக்காதபோதும் மனத்திற்குள் ஒரு குரல் படிக்கிறது. படித்ததைச் சில நொடிகள் நினைவில் வைத்திருப்பதும் அந்த உட்குரலே. வெளியிலிருந்து பேச்சு வரும்போது அதுவும் அதே இடத்தில் புக முயல்கிறது.

1970களிலும் 1980களிலும் உளவியல் அறிஞர்கள் செய்த சோதனைகள் இதைத் தெளிவாக்கின. எழுத்துகளையோ எண்களையோ ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணுக்குக் காட்டி, வரிசை மாறாமல் எழுதச் சொன்னார்கள். பின்னணியில் ஒரு பேச்சு ஓடியது. அதைக் கவனிக்கவே வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்கள். அப்படியும் தவறுகள் மிகுந்தன. பேச்சு புரியாத மொழியில் இருந்தாலும் தவறுகள் மிகுந்தன. ஆனால் பேச்சுக்குப் பதிலாக வெறும் இரைச்சலை வைத்தபோது அந்தத் தொல்லை இல்லை. கருவியிசையைவிடப் பாட்டுக்குரல் அதிகம் தடுத்தது. மனிதக் குரல் என்றால் மூளை கதவைத் திறந்துவிடுகிறது. மூடி வைக்க நம்மால் முடிவதில்லை.

ஆகவே திரையில் முப்பது பெயர்கள் விரையும்போது அறிவிப்பாளர் பேசினால், கண் பெயர்களின் மேல் இருந்தாலும் அவை மனத்தில் தங்குவதில்லை. பெயரைப் படிக்க முனைந்தவரோ அறிவிப்பைத் தவறவிடுகிறார்.

பஞ்சாலையிலிருந்து வந்த செவி

இதுவரை சொன்னது நல்ல காதுடையவர் நிலை. கோவில்பட்டி வட்டாரத்தில் இன்னொரு வகைக் காதும் நிறைய உண்டு. கரிசல் பருத்தியை நம்பி இங்கே நூற்பாலைகள் எழுந்தன. நூற்பு எந்திரங்களுக்கும் தறிகளுக்கும் இடையே முப்பது நாற்பது ஆண்டுகள் நின்றவர்கள் இன்று வீட்டில் தொலைக்காட்சி முன் அமர்ந்திருக்கிறார்கள்.

இடைவிடாத பேரிரைச்சல் உள்காதின் மயிரணுக்களைச் சிதைக்கிறது. ஒரு காதில் உள்வரிசையில் சுமார் 3,500, வெளிவரிசைகளில் சுமார் 12,000 மயிரணுக்களே பிறவியில் உள்ளன. மனிதரில் அழிந்தவை மீண்டும் முளைப்பதில்லை. நாளுக்கு 8 மணி நேரம் 85 டெசிபெல்லுக்கு மேற்பட்ட ஒலியில் ஆண்டுக்கணக்கில் இருப்பது கேடு என்று மருத்துவர்கள் கருதுகின்றனர். தறிக்கூடங்களின் இரைச்சல் இந்த எல்லையை எளிதில் தாண்டும். கேடு முதலில் தெரிவது 4000 ஹெர்ட்ஸ் அளவில். முதுமையும் உயர்ந்த அதிர்வெண்களையே முதலில் பறிக்கிறது. ஏற்கனவே மெலிந்த மெய்யொலிகளின் மீது இரண்டு அடிகளும் ஒன்றாக விழுகின்றன.

வெளிவரிசை மயிரணுக்கள் அழிந்தால் காதின் கூர்மையும் போய்விடுகிறது. நெருங்கிய அதிர்வெண்களைப் பிரித்தறிய முடியாமல் எல்லாம் ஒன்றாகக் குழம்புகிறது. 'சத்தம் கேக்கு, பேச்சு வெளங்கல' என்று பெரியவர்கள் சொல்வது மிகத் துல்லியமான மருத்துவ விவரிப்பாகும். வீட்டார் உடனே ஒலியைக் கூட்டுகிறார்கள். பயனில்லை. குரலோடு பின்னணி இசையும் அதே விகிதத்தில் கூடிவிடுகிறது. தேவைப்படுவது உரப்பு அன்று. குரலுக்கும் பின்னணிக்கும் இடையிலான இடைவெளி. அந்த இடைவெளியைத் தீர்மானிக்கும் திருகு வீட்டில் இல்லை; நிலையத்தின் ஒலிக்கலவை மேசையில் இருக்கிறது.

அங்கே என்ன நடக்கிறது? அறிவிப்பாளர் வாயைத் திறந்ததும் ஒரு மின்னணுச் சுற்று நிகழ்ச்சியின் ஒலியைத் தானே தாழ்த்தும். அவர் நிறுத்தியதும் உயர்த்தும். எவ்வளவு தாழ்த்துவது என்பதில்தான் செய்தி இருக்கிறது. செவித்திறன் குறைந்தவர்களையும் கருத்தில் கொண்டு 2008இல் வெளியான உலக இணையத்தள அணுகல் நெறிகளின் மிக உயர்ந்த படி, பேச்சைவிடப் பின்னணி ஒலி 20 டெசிபெல் தாழ்ந்திருக்க வேண்டும் என்கிறது. ஆற்றலில் இது நூற்றில் ஒரு பங்கு. காதுக்கு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு உரப்பாகத் தோன்றும். அப்படித் தாழ்த்தினால் அறிவிப்பு விளங்கும். இசையோ பெயருக்கு மட்டும் இருக்கும். தாழ்த்தாவிட்டால் இரண்டுமே விளங்கா. இரண்டையும் ஒருசேரக் காப்பாற்றும் அளவு ஒன்று இல்லை.

நிலையங்கள் ஏன் இப்படிச் செய்கின்றன?

ஒரே அலைவரிசை இருந்த காலத்தில் பார்வையாளர் எங்கும் போக முடியாது. 1993இல் சன் தொலைக்காட்சி தொடங்கி, கேபிள் கம்பி ஊர் ஊராக நீண்ட பிறகு நிலை மாறியது. எழுத்துப் போடத் தொடங்கியதும் கை தொலையியக்கியைத் தேடுகிறது. அந்தச் சில நொடிகளில் பிடித்து வைக்கவே குரல் எழுகிறது. அமெரிக்காவில் என்.பி.சி. நிறுவனம் 1994இலேயே பெயர்களைத் திரையின் ஓர் ஓரத்திற்குச் சுருக்கி, மீதி இடத்தில் வேறு காட்சிகளைக் காட்டத் தொடங்கியது. பிரிட்டனில் 2010 ஏப்ரலில் 'டாக்டர் ஹூ' தொடரின் ஓர் உச்சக்கட்டத்தின் மேலேயே அடுத்த நிகழ்ச்சியின் விளம்பரப் படம் தோன்றியபோது, பி.பி.சி.க்கு 5,000க்கும் மேற்பட்ட புகார்கள் குவிந்தன. நிறுவனம் வருத்தம் தெரிவித்தது.

நிலையத்தார் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. பார்வையற்றவருக்கும் படிக்கத் தெரியாதவருக்கும் மௌனமாக ஓடும் எழுத்தால் பயனில்லை. அடுத்து வருவதைக் குரல்தான் அவர்களுக்குச் சொல்ல முடியும். ஆகவே அறிவிப்பே கூடாது என்பதற்கில்லை. எப்போது, எதன் மேல் என்பதே கேள்வி.

தீப்பெட்டியின் லேபிள்

கோவில்பட்டியில் செய்த தீப்பெட்டி எந்த ஊருக்குப் போனாலும் அதன் லேபிளில் தயாரித்தவர் பெயர் இருக்கும். அதன் மேல் இன்னொரு பெட்டியின் விளம்பரத்தை ஒட்டிவிட்டால் ஆலைக்காரர் பொறுப்பாரா? நிகழ்ச்சியின் இறுதியில் ஓடும் எழுத்தும் லேபிள்தான். பெரிய நடிகரின் பெயர் சுவரொட்டியிலும் வரும்; ஒலிப்பதிவு உதவியாளரின் பெயர் அங்கு மட்டுமே வரும். இந்தக் கரிசல் மண்ணுக்கும் அப்பட்டியலில் இடம் உண்டு. இடைசெவல் கி. ராஜநாராயணனின் 'கிடை' 2003இல் அம்ஷன் குமார் இயக்கத்தில் 'ஒருத்தி' என்ற படமாயிற்று. தீப்பெட்டித் தொழிலில் வாடிய குழந்தைகளைப் பற்றி இந்த வட்டாரத்து எழுத்தாளர் பூமணி 'கருவேலம்பூக்கள்' படத்தை இயக்கினார். இவற்றை யார் ஆக்கினார்கள் என்பதைப் பார்வையாளருக்குச் சொல்வது எழுத்துதான்.

படைத்தவர் தம் படைப்புக்கு உரிமை கோரலாம் என்று இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957 சொல்கிறது. 2012இல் செய்த திருத்தம், தம் பெயர் குறிக்கப்பட வேண்டும் என்ற உரிமையை நடிகர், பாடகர் போன்றோருக்கும் தந்தது. பெயர் திரையில் இருந்தால் சட்டம் நிறைவுறலாம். அது மனத்தில் பதிகிறதா என்பதை அறிவியலிடம்தான் கேட்க வேண்டும்.

அறிவியல் சொல்லும் வழிகள் செலவில்லாதவை. எழுத்து முடியும்வரை சில நொடிகள் பொறுத்துவிட்டுப் பேசலாம். பேசியே ஆக வேண்டுமானால் பாட்டுக்குரலின் மேல் பேசாமல், கருவியிசையின் மேல், அதுவும் நன்கு தாழ்த்திப் பேசலாம். பெயர்கள் நின்ற பிறகு அடுத்த நிகழ்ச்சியைச் சொல்லலாம். பேச்சையும் பின்னணியையும் தனித்தனியே அனுப்பிப் பார்வையாளரே அளவைத் திருத்திக்கொள்ளும் முறையும் வந்துவிட்டது. தென்கொரியாவில் 2017இல் தொடங்கிய உயர்நுட்ப ஒளிபரப்பின் ஒலிமுறை இதற்கு இடம் தருகிறது. அது நம் வீடுகளுக்கு வந்தால், ஆலையில் காதைக் கொடுத்த பெரியவர் இசையைக் குறைத்துக் குரலை மட்டும் கூட்டிக்கொள்ள முடியும்.

எல்லாவற்றையும்விட எளிய வழி ஒன்றுண்டு. முக்கியமான சில பெயர்களை அறிவிப்பாளரே படித்துவிடலாம். பார்வையற்றவரும் எழுத்தறியாதவரும் அப்போது எழுத்தைக் கேட்பார்கள். இது புதிய கண்டுபிடிப்பும் அன்று. திருநெல்வேலி வானொலியின் நாடகங்கள் முடியும்போது நடந்ததும் இதுவே.